களப்பயிற்சியை நிறுத்தாதீர்கள்: தோட்ட வடிவமைப்புப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவில் இருக்கும் ஆசிரியர்களுக்கு,

வரும் பருவத்திலிருந்து மாணவர்களைத் தோட்ட வேலை நடக்கும் இடங்களுக்கு அனுப்பப் போவதில்லை என்று நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பருவம் முழுக்க நடந்துவந்த களப்பயிற்சியை எடுத்துவிட்டு, கணினியில் முப்பரிமாண மாதிரிக்குள் நடந்து பார்க்கும் பயிற்சியும், கட்டி முடித்த தோட்டம் ஒன்றுக்கு ஒரு நாள் பயணமும் வைத்திருப்பதாக அதில் இருக்கிறது. பாதுகாப்பு, செலவு, வருகைப்பதிவு என்று மூன்று காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் கல்லூரியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் இதே யோசனையில் இருக்கும் மற்ற கல்லூரிகளும் படிக்க வேண்டும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

நான் பர்கூர் பக்கம் நர்சரி வைத்திருப்பவள். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலும் தோட்ட வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளியில் தொழிற்சாலை வளாகங்கள், அப்புறம் பள்ளிக்கூடங்கள், ஏரிக்கரைப் பூங்காக்கள், வீட்டுத் தோட்டங்கள். வரைபடம் போடுவது என் வேலை இல்லை. வேறொருவர் போட்டுத் தரும் வரைபடத்தை மண்ணில் இறக்குவதுதான் என் பிழைப்பு. வரைந்தவர் ஒரு முறையாவது குழி வெட்டுவதை நின்று பார்த்திருக்கிறாரா என்பது ட்ராயிங்கைப் பிரித்த சில நிமிடத்தில் எனக்கும் என் மேஸ்திரிக்கும் தெரிந்துவிடும். உங்கள் மாணவர்கள் பல வருடங்களாக என் சைட்டுகளுக்கு வந்து போயிருக்கிறார்கள். அவர்கள் எதை எந்த இடத்தில் கற்றார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பாறை. நம் மாவட்டத்தில் மண் எவ்வளவு ஆழம் என்று மேலே நின்று சொல்ல முடியாது. ஒரு இடத்தில் ஐந்தடிக்குச் செம்மண் இருக்கும். பத்தடி தள்ளி ஒன்றரை அடியிலேயே கடப்பாரை 'ணங்' என்று சத்தம் போடும். சூளகிரிப் பக்கம் ஒரு வளாகத்தில் மூன்று மீட்டருக்கு ஒன்று என்று வேம்பும் புங்கமும் நேர்வரிசையில் வரைந்து கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு குழியும் மீட்டருக்கு மீட்டர், ஆழம் ஒரு மீட்டர். வரிசையின் நடுவில் பலகைப் பாறை வந்தது. அன்றைக்குச் சைட்டில் இருந்த உங்கள் மூன்றாமாண்டு மாணவர்கள் முதலில் ஜேசிபியில் உடைத்துவிடலாம் என்றுதான் சொன்னார்கள். அப்படிச் செய்தால் பாறைக்குள் ஒரு தொட்டி உண்டாகும், மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் அதில் நிற்கும், வேர் அழுகும் என்று பெரியவர் ஒருவர் விளக்கினார். கல் உடைத்தே வயதானவர் அவர். பிறகு மாணவர்களே கடப்பாரையை வாங்கிக்கொண்டு வளாகம் முழுக்கக் குத்திப் பார்த்து, மண் ஆழமான இடங்களைச் சுண்ணாம்புப் பொடியால் குறித்தார்கள். மதியத்துக்குள் நேர்வரிசை போய், மரங்கள் ஆழமான மண்ணில் மூன்றும் ஐந்துமாகக் கூடி நிற்கும் ஒரு புது அமைப்பு வந்தது. பாறை தெரிந்த இடத்தை மூடாமல் உட்கார விட்டுவிட்டார்கள். மூல வரைபடம் போட்டவர் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அந்த அரை நாளை எந்த மென்பொருளில் நடத்துவீர்கள்? கணினி மாதிரியில் பச்சைத் தரைக்குக் கீழே மண்ணும் கிடையாது, பாறையும் கிடையாது.

அடுத்தது படிக்கட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வரைபடத்தில் எல்லாமே சரியாக இருந்தும் தரையில் தப்பிப்போன வேலை இது. ஒரு மருத்துவமனை வளாகத்தில் மேல் தளத்திலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் படிகள். ஒவ்வொரு படியும் 15 செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலம். குறையே சொல்ல முடியாது. கட்டட ஒப்பந்ததாரர் அப்போதைய மண் மட்டத்திலிருந்து படிகளை வார்த்துவிட்டார். அதன் பிறகு நாங்கள் பாதை போட வந்தோம். மணல் 4 செ.மீ., அதன் மேல் பேவர் பிளாக் 6 செ.மீ. பாதை 10 செ.மீ. ஏறியதும் கடைசிப் படியின் உயரம் 5 செ.மீட்டராகக் குறைந்துபோனது. அது கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். மேலே இருந்து ஒரே அளவில் இறங்கி வரும் கால், கடைசியிலும் அதே அளவு பள்ளத்தை எதிர்பார்க்கும். மருந்துப் பையோடு இறங்கிய ஒரு பாட்டி அங்கே தடுமாறியதை உங்கள் மாணவி ஒருத்தி பார்த்தாள். ஓடிப்போய்ப் பிடித்தவளும் அவள்தான். ஏன் இப்படி ஆனது என்று அவள் டேப்பை வைத்து அளந்து, வரைபடத்தில் 'தரை மட்டம்' என்று மட்டும் போட்டிருப்பதையும், அது மண் மட்டமா பாதை முடிந்த மட்டமா என்று யாருமே எழுதவில்லை என்பதையும் கண்டுபிடித்தாள். கடைசிப் படிக்கு முன்னால் பாதையைச் சரிவாக இறக்கிச் சரிசெய்தோம். அந்தப் பெண் இப்போது பெங்களூரில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். இன்றும் ஒரு ட்ராயிங்கை வெளியே அனுப்புவதற்கு முன், "அக்கா, அங்கே மணல் எவ்வளவு போடுவார்கள், பிளாக் 60 மி.மீட்டரா 80 மி.மீட்டரா?" என்று எனக்குப் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் மட்டத்தை எழுதுகிறாள்.

கட்டி முடித்த தோட்டத்தைக் காட்டுவோம் என்கிறீர்கள். காட்டுங்கள், அது நல்லதுதான். பெங்களூரின் லால்பாக் தோட்டத்தைப் பார்க்க நம் பிள்ளைகளுக்கு ஓசூரைத் தாண்டினால் போதும். ஆனால் முடிந்த தோட்டத்தில் வேலையின் முக்கால் பங்கு மண்ணுக்குள் போயிருக்கும். பாதை போடும் முன்பே அதன் குறுக்கே ஒரு பிவிசி குழாயைப் புதைத்து வைப்போம், நாளைக்குச் சொட்டுநீர்க் குழாயை அதன் வழியாக நுழைக்க. முடிந்த தோட்டத்தில் அது தெரியாது. அது இல்லாத தோட்டத்தில் குழாய் உடைந்தால் பாதையையே பெயர்க்க வேண்டும். தருமபுரியில் ஒரு பள்ளியில் அப்படித்தான் புதிதாகப் போட்ட பாதையை நடுவில் வெட்டி எடுத்தோம். வரைந்த இளைஞர் நல்ல திறமைசாலி, கணினியில் அவர் காட்டிய படங்கள் அவ்வளவு அழகு. வேலை நடக்கும் சைட்டை ஒரு நாளும் பார்த்ததில்லை என்று அவரே சொன்னார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? அவருக்கு யாரும் காட்டவில்லை.

மண்ணைக் கொட்டி மேடு செய்வதும் இப்படித்தான். ஜேசிபி கொட்டிய மண் அன்றைக்கு ஒரு மீட்டர் உயரம் இருக்கும். அடுக்கடுக்காக நனைத்துத் திம்சு போட்டு, அதாவது இடித்துக் கெட்டிப்படுத்தி, வைக்காமல் விட்டால் முதல் மழையில் அது அமுங்கும், அதில் நட்ட விளக்குக் கம்பம் சாயும், புல்லின் வேர் வெளியே தெரியும். திம்சு போடும் சத்தத்தையும், போடுவதற்கு முன்னும் பின்னும் மேட்டின் உயரத்தையும் பார்த்தவர் வரைபடத்தில் அதை எழுதாமல் விட மாட்டார்.

உங்கள் பழைய பயிற்சிக்கு இருந்த பெரிய பலம் மாதங்கள். ஆனி கடைசியில் மாணவர்கள் வருவார்கள், நூல் கட்டி மார்க் செய்வதிலிருந்து இருப்பார்கள். ஆடிக் காற்றில் புதுக்கன்று எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார்கள். ஐப்பசி மழை வரும்போது அவர்கள் இன்னும் சைட்டில்தான் இருப்பார்கள். ஒரே பருவத்துக்குள் தோண்டுவதும் நடுவதும் மழை வந்து பரீட்சை வைப்பதும் முடிந்துவிடும். ராயக்கோட்டை சாலையில் ஒரு வளாகத்தில் நாலடி உயரத் தடுப்புச் சுவர் ஒன்று வேறு ஆட்கள் கட்டியது. சுவருக்குப் பின்னால் நடுவது மட்டும் எங்கள் வேலை. சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை இல்லை, வரைபடத்திலும் இல்லை. இரண்டு நாள் மழைக்குப் பிறகு சுவர் வயிறு தள்ளி நின்றது. மாணவர்கள் பின்பக்க மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது உள்ளே களிமண்ணைப் போட்டு நிரப்பியிருந்தார்கள், தண்ணீர் சுவரை அழுத்திக்கொண்டு நின்றது. அந்தப் பகுதியைப் பிரித்து, பின்னால் ஒன்றரை அங்குல ஜல்லி அடுக்கி, அடியில் குழாய் வைத்துத் திரும்பக் கட்டியதை அவர்கள் முழுவதும் கூட இருந்து பார்த்தார்கள். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியும் ஓட்டை, அதாவது வீப் ஹோல், வேண்டும் என்பது புத்தகத்திலும் இருக்கிறது, அதை அவர்கள் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தார்கள். ஆனால் அதன் பிறகு அவர்கள் வரைந்த எந்தச் சுவரிலும் அது விடுபட்டு நான் பார்க்கவில்லை.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி கிரானைட் ஊர். பாலிஷ் போட்ட கருப்புக் கல்லை வாசலில் பரப்பினால் படத்தில் கண்ணாடி மாதிரி மின்னும். சித்திரை மதியத்தில் அதில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. மழை நாளில் வழுக்கும். ஒரு கோயில் முன்பகுதி வேலைக்கு அப்படி வந்த வரைபடத்தை, என் சைட்டுக்கு வந்த மாணவர்கள் இருவர் செருப்பைக் கழற்றிவிட்டு மாதிரிக் கல்லில் நின்று பார்த்தே மாற்றினார்கள். சுட்டுச் சொரசொரப்பாக்கிய வெளிர் நிறக் கல்லைப் பரிந்துரைத்து எழுதிக் கொடுத்தார்கள், கோயில்காரர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

செடிப் பட்டியலும் அப்படி. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரி 500 மீட்டருக்கும் கீழே. ஓசூரில் ரோஜா தொழிலாகவே நடக்கிறது. அதே பட்டியலை வைத்துத் தருமபுரியில் நட்டால் பங்குனியிலேயே இலை கருகும். பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, தெளிப்பான் துளைகளில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். அடைத்த தெளிப்பானை ஊசியால் குத்திக் குத்தி எடுத்த மாணவர், அடுத்த வரைபடத்தில் வடிகட்டியையும் அதைக் கழற்றிக் கழுவ இடத்தையும் தானாகவே சேர்த்தார். மாலையில் மரத்தின் நிழல் கிழக்கே விழும் என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் மரத்துக்கு மேற்கே பெஞ்சு போட்ட வரைபடங்கள் என்னிடம் எத்தனையோ கிடக்கின்றன. நாலு மணிக்கு அந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர் அப்படி வரைய மாட்டார்.

வளைவைப் பற்றி ஒன்று. தாளில் மேலிருந்து பார்த்தால் மெதுவாக வளையும் பாதை, தரையில் நின்று கண் மட்டத்தில் பார்க்கும்போது முறிந்த மாதிரி தெரியும். அதனால் நாங்கள் ரப்பர் ஓஸைத் தரையில் போட்டு, தள்ளி நின்று பார்த்து, மறுபடி நகர்த்தி, கண்ணுக்கு ஒத்த பிறகுதான் சுண்ணாம்பு போடுவோம். வரைந்தவரே அங்கே நின்று "இன்னும் கொஞ்சம் உள்ளே" என்று சொல்லும்போது, அவர் கண்ணுக்கும் தாளுக்கும் இருந்த இடைவெளி அந்த இடத்திலேயே குறைகிறது. என் கொத்தனாரும் அப்போது கற்கிறார். இந்த வளைவு ஏன் வேண்டும், இங்கே ஏன் திறந்துவிடுகிறோம் என்று மாணவர்கள் சொல்லக் கேட்ட பிறகு, அடுத்த சைட்டில் அவரே ஓஸை எடுத்துக்கொண்டு போனார்.

நீங்கள் பாடத்தில் சொல்லித் தரும் பெரியவர்களின் பெயர்களை மாணவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இலங்கையின் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948-இல் லுனுகங்கா நிலத்தை வாங்கினார், 2003-இல் இறக்கும் வரை அது அவர் கையில்தான் இருந்தது. ஐம்பது வருடத்துக்கு மேலாக அந்த ஒரே தோட்டத்தை நடந்து பார்த்து, மாற்றி, திரும்பப் பார்த்து உருவாக்கினார். பெங்களூரின் சாலை மரங்களைத் திட்டமிட்ட க்ரும்பீகல் ஜெர்மனியில் தோட்டக்காரராகத் தொழில் பழகி, லண்டன் கியூ தோட்டத்தில் வேலை செய்துவிட்டு, 1893-இல் பரோடாவுக்கும் 1908-இல் மைசூர் அரசுக்கும் வந்தவர். ஒரு மரம் பூத்து முடிந்ததும் இன்னொன்று பூக்கும்படி சாலைகளை அவர் அமைத்ததாகப் பாடம் நடத்துகிறீர்கள். எந்த மரம் எப்போது பூக்கும் என்று கூட இருந்து பார்த்த கையல்லவா அதை எழுத முடியும்? இவர்களைப் பாடமாக வைத்துக்கொண்டு, இவர்கள் கற்ற வழியை மட்டும் நம் பிள்ளைகளுக்கு அடைப்பது எப்படிச் சரியாகும்?

இன்னொன்று என்னை மிகவும் உறுத்துகிறது. உங்களிடம் படிக்க வருகிறவர்களில் பலர் பாலக்கோடு, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை பக்கத்துப் பிள்ளைகள். வீட்டில் மாந்தோப்போ ராகிக் கொல்லையோ வைத்திருப்பவர்கள், கால் மண்ணில் பட்டு வளர்ந்தவர்கள். பென்னாகரத்து மாணவி ஒருத்தி, குழியில் ஊற்றிய தண்ணீர் காலை வரை வடியாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, இங்கே நடவிருந்த மரம் வேண்டாம் என்று யாரும் கேட்காமலே சொன்னாள். அவள் அப்பாவின் கொல்லையில் கற்றது அது. வகுப்பறையில் அவள் வாயைத் திறந்ததே இல்லை என்று கூட வந்த தோழிகள் சொன்னார்கள். கணினி மாதிரியில் நல்ல மடிக்கணினி வைத்திருக்கும் பிள்ளைகள் முன்னால் நிற்பார்கள். சைட்டில்தான் இந்தப் பிள்ளைகளுக்குத் தங்களுக்கு என்ன தெரியும் என்பது தெரிகிறது. அந்த இடத்தையும் எடுத்துவிட்டால் அவர்களுக்கு என்ன மிச்சம்?

உங்கள் மூன்று காரணங்களுக்கு வருகிறேன். வருகைப்பதிவு பெரிய சிக்கல் இல்லை: காலையும் மாலையும் சைட் பதிவேட்டில் கையெழுத்து, அதை நான் வாரந்தோறும் அனுப்பிவைப்பேன். செலவைக் குறைக்க, கல்லூரிக்குப் பக்கத்தில் நடக்கும் வேலைகளையே தேர்ந்தெடுக்கலாம். இரண்டு மாவட்டத்திலும் எப்போதும் ஏதாவது ஒரு வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. பாதுகாப்பு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. தலைக்கவசமும் ஷூவும் இல்லாமல் உள்ளே விடுவதில்லை, ஜேசிபி சுழலும் எல்லைக்குள் யாரும் நிற்கக் கூடாது, சுவர் கட்டாத குழிக்குள் இறங்கக் கூடாது. இதையெல்லாம் எழுத்தில் வைக்கலாம், காப்பீடு எடுக்கலாம். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை, பல சைட்டுகளில் இல்லை. என் சைட்டில் மண் சுமக்கும் பெண்களுக்கும் அது வேண்டும்தான். அதைக் கட்டாயமாக்கி நீங்கள் ஒரு நிபந்தனை போட்டால், உங்கள் மாணவிகளால் அவர்களுக்கும் ஒரு வழி பிறக்கும்.

பெரிய தொழிற்சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது வளாகத்தில் குறிப்பிட்ட பங்கு பசுமைப் பரப்பு வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார்கள். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தொழிற்சாலைகள் கூடிக்கொண்டே வருகின்றன. அந்தப் பரப்புக்கெல்லாம் நாளைக்கு வரையப் போவது இப்போது உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். மழையில் சுவர் சாய்வதும், நட்ட மரம் பாறைக் குழியில் அழுகுவதும், அங்கே வேலை செய்கிறவர்களும் நடக்கிறவர்களும் சுமக்க வேண்டிய விலை.

ஆகவே நான் கேட்பது இவைதான். களப்பயிற்சியை நீக்கிய முடிவைத் திரும்பப் பெறுங்கள். பழையபடி ஆனியிலிருந்து ஐப்பசி வரை, மார்க் செய்வது, மண் வேலை, கல் வேலை, நடவு, மழைக்குப் பிறகு பார்ப்பது எல்லாம் அடங்கும்படி வையுங்கள். கணினிப் பயிற்சி இருக்கட்டும், ஆனால் இதன் இடத்தில் வேண்டாம்.

ஒவ்வொரு மாணவரும் தான் வரைந்த ஏதாவது ஒரு சிறிய பகுதியாவது கட்டப்படுவதைப் பார்க்க வேண்டும். பத்தடிப் பாதையும் அதன் வடிகாலுமாக இருந்தாலும் போதும்; கல்லூரி வளாகத்திலேயே செய்யலாம், கல்லும் செடியும் என் நர்சரியிலிருந்து தருகிறேன். கட்டிய பின் தரையில் உள்ளதை அளந்து இன்னொரு வரைபடம் போடச் சொல்லுங்கள். முதல் வரைபடத்தையும் அதையும் பக்கத்தில் வைத்து, எங்கே மாறியது, ஏன் மாறியது என்று அவர்கள் எழுதுவதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

மாணவர்களோடு ஆசிரியர் ஒருவரும் வாரம் ஒரு நாளாவது சைட்டில் இருக்க வேண்டும். இதை மரியாதையோடுதான் கேட்கிறேன். நானும் மேஸ்திரியும் என்ன நடந்தது என்று சொல்லித் தருவோம், அதைப் பாடத்தோடு சேர்த்து விளக்க நீங்கள் வேண்டும்.

பாதுகாப்பு விதிகளை எழுத, உங்கள் குழுவில் இருவரும் எங்களைப் போன்ற ஒப்பந்ததாரர்கள் இருவரும் பழைய மாணவர் ஒருவரும் உட்கார ஒரு கூட்டம் கூட்டுங்கள். எந்த ஊரில் வைத்தாலும் நான் வருகிறேன்.

ஆனியில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பள்ளி வளாகத்தில் வேலை தொடங்குகிறேன். சரிவான நிலம், பாறை உண்டு, மழைத் தண்ணீர் போக வழி இனிமேல்தான் செய்ய வேண்டும். உங்கள் முடிவை வைகாசி முடிவதற்குள் எழுத்தில் தெரிவித்து, எத்தனை மாணவர்கள், அதில் எத்தனை பெண்கள் என்றும் சொன்னால், தலைக்கவசத்துக்கும் தற்காலிகக் கழிப்பறைக்கும் இப்போதே ஏற்பாடு செய்துவிடுவேன்.

இப்படிக்கு,
நர்சரி நடத்தும் தோட்ட வேலை ஒப்பந்ததாரர்,
பர்கூர் வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.